பாஸ்டன் அட்டை மதுரைக்கு வந்த வழி

1890களின் நடுவில் பாஸ்டன் நகரத்தில் இரண்டு மருத்துவ மாணவர்கள் பந்தயம் கட்டினார்கள். மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் அறுவை சிகிச்சைக்கு முன் ஈதர் கொடுத்து மயக்குகிற வேலை அந்தக் காலத்தில் மாணவர்கள் தலையில் விழும். முறையான பயிற்சி எதுவும் கிடையாது. ஹார்வி குஷிங் என்ற மாணவர் ஈதர் கொடுத்த நோயாளி ஒருவர் அறுவை அரங்கிலேயே இறந்துபோனார். குஷிங் மிகவும் நொந்துபோனார். அவரும் உடன் படித்த எர்னஸ்ட் அமோரி காட்மனும் பிற்பாடு ஒரு போட்டி வைத்துக்கொண்டார்கள். யார் நோயாளியைச் சேதமில்லாமல் மயக்கித் தெளிய வைக்கிறாரோ அவர் ஜெயித்தவர். தோற்றவர் இரவுச் சாப்பாடு வாங்கித் தர வேண்டும்.

ஜெயித்தது யார் என்று சொல்ல ஆதாரம் வேண்டுமே. ஒரு தாளில் கட்டம் போட்டு, சில நிமிடத்துக்கு ஒருதரம் நாடித்துடிப்பையும் மூச்சையும் புள்ளி வைத்துக் குறித்தார்கள். இன்று உலகெங்கும் அறுவை அரங்குகளில் மயக்க மருத்துவர்கள் நிரப்பும் படிவத்துக்கு அந்தத் தாள்தான் மூதாதை. குஷிங் பின்னாளில் மூளை அறுவை சிகிச்சையின் முன்னோடியாகப் பேர் வாங்கினார். காட்மனை அந்தத் தாள் விடவே இல்லை. மயக்கம் தெளிந்து எழுந்ததோடு நோயாளியின் கதை முடிந்துவிடுகிறதா என்ற கேள்வி அவருக்குள் உட்கார்ந்துகொண்டது. அந்தக் கேள்வியிலிருந்து ஓர் அட்டை பிறந்தது. நூறு வருஷத்துக்கும் மேலாக அது நடந்து வந்த வழி இது. கணினியில் நோயாளிக் குறிப்பு எழுதுவதால் மருத்துவருக்கு என்ன லாபம் என்று யாராவது கேட்டால், நான் இந்த அட்டையின் கதையைத்தான் சொல்வேன்.

அட்டையில் பெரிய வித்தை ஒன்றுமில்லை. நோயாளி என்ன தொல்லையோடு வந்தார், என்ன நோய் என்று முடிவுசெய்தோம், என்ன செய்தோம், என்ன சிக்கல் வந்தது, வீட்டுக்குப் போகும்போது எப்படி இருந்தார். இவ்வளவும் எந்த மருத்துவமனையின் கேஸ் ஷீட்டிலும் இருப்பதுதான். அதற்கும் கீழே காட்மன் இன்னொரு இடம் விட்டார். ஒரு வருஷம் கழித்து இவர் எப்படி இருக்கிறார்? அதற்கடுத்த வருஷம்? நலமாக இல்லையென்றால் காரணம் என்ன? காரணத்தையும் அவர் வகை பிரித்து வைத்திருந்தார். மருத்துவரின் கைத்திறன் போதவில்லையா, முடிவெடுத்தது தவறா, நோயைக் கண்டுபிடித்ததில் கோளாறா, கவனமோ கருவியோ குறைவா, நோயே யாராலும் வெல்ல முடியாததா, நோயாளி சிகிச்சைக்கு மறுத்துவிட்டாரா. ஒவ்வொரு அட்டையும் இதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். இதற்கு அவர் வைத்த பெயர் 'எண்ட் ரிசல்ட்', கடைசி விளைவு.

கேட்பதற்கு எவ்வளவு சாதாரணமாக இருக்கிறது! பாஸ்டனில் இதைச் செய்யத்தான் ஆளில்லை. காட்மன் 1911ல் பீக்கன் ஹில் பகுதியில் சொந்தமாக ஒரு சிறு மருத்துவமனை தொடங்கினார். 1914ல் மாசசூசெட்ஸ் மருத்துவமனை வேலையைத் தூக்கிப் போட்டார். அங்கே பதவி உயர்வு பணிமூப்பு வரிசைப்படி நடந்தது, விளைவைப் பார்த்து யாரும் கொடுக்கவில்லை என்பது அவர் கோபம். தன் சிறு மருத்துவமனையில் 1911க்கும் 1916க்கும் இடையே சிகிச்சை பெற்றுச் சென்ற 337 பேரின் அட்டைகளை அலசி, 123 பிழைகளைக் கணக்கெடுத்து, தன் காசிலேயே அச்சடித்து வெளியிட்டார். பிழைகளில் பல அவருடைய சொந்தப் பிழைகள். ஒரு மருத்துவர் தன் பேர் போட்டுத் தன் தவறுகளைப் பட்டியலிட்டுக் கடைத்தெருவுக்குக் கொண்டுவந்ததை இன்று நினைத்தாலும் எனக்கு மலைப்பாக இருக்கிறது.

1915 ஜனவரியில் மருத்துவர் கூட்டம் ஒன்றில் அவர் ஒரு பெரிய கேலிப்படத்தைத் திரைவிலக்கிக் காட்டினார். மணலில் தலையைப் புதைத்துக்கொண்ட தீக்கோழி, பின்னால் இருக்கும் மருத்துவர்களுக்குத் தங்க முட்டைகளை உதைத்துத் தள்ளிக்கொண்டிருந்தது. பாஸ்டனின் பணக்காரப் பகுதியான பேக் பே மக்கள்தான் அந்தத் தீக்கோழி. தங்களுக்குச் செய்த வைத்தியம் பலித்ததா என்று கேட்காமல் பணத்தைக் கொட்டுகிறவர்கள் என்று பொருள். சபை கொதித்துப்போனது. நண்பர்கள் விலகினார்கள், வருமானம் போனது.

அட்டைக்கு அடுத்த அடி 1919ல் விழுந்தது. அமெரிக்க அறுவை மருத்துவர் கல்லூரி, காட்மன் தூண்டிய வழியில், நூறு படுக்கைக்கு மேலுள்ள 692 மருத்துவமனைகளை ஆராய்ந்திருந்தது. குறைந்தபட்சத் தரத்தில் தேறியவை 89. தேறாத பட்டியலில் நாட்டின் பேர்பெற்ற மருத்துவமனைகள் சிலவும் இருந்தன. பட்டியல் பத்திரிகைக்காரர் கையில் சிக்கிவிடக்கூடாது என்று, நியூயார்க்கின் வால்டார்ஃப் அஸ்டோரியா ஓட்டல் அடுப்பிலேயே போட்டு எரித்துவிட்டார்கள்.

காட்மன் விடவில்லை. 1920ல் எலும்புப் புற்றுநோய்க்கென்று ஒரு பதிவேடு தொடங்கினார். அந்த நோய் அரிதானது. ஒரு மருத்துவர் ஆயுள் முழுக்க ஒன்றிரண்டு பேரைத்தான் பார்ப்பார். ஒன்றிரண்டை வைத்துக்கொண்டு எந்தச் சிகிச்சை பலிக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. ஆகவே ஊர் ஊராக இருக்கும் மருத்துவர்கள் தங்கள் நோயாளிகளின் விவரத்தை ஓரிடத்துக்கு அனுப்ப வேண்டும், ஒவ்வொருவரும் என்ன ஆனார் என்பது வரை. அட்டை அன்றுதான் ஒரு மருத்துவமனையின் அலமாரியை விட்டு வெளியே காலடி வைத்தது. காட்மன் 1940ல் இறந்தார். அவர் கல்லறைக்குப் பெயர் பொறித்த கல் 2014 வரை கிடையாது.

அதற்குப் பிறகு அட்டை தலையெடுத்தது ஸ்வீடனில். 1975ல் முழங்கால் மூட்டு மாற்றுச் சிகிச்சைக்கும், 1979ல் இடுப்பு மூட்டு மாற்றுச் சிகிச்சைக்கும் அங்கே நாடு தழுவிய பதிவேடுகள் வந்தன. ஸ்வீடனுக்கு ஒரு வசதி: 1947 முதலே ஒவ்வொரு குடிமகனுக்கும் ஓர் எண் உண்டு. கோத்தன்பர்கில் மூட்டு மாற்றிக்கொண்டவர் பத்து வருஷம் கழித்து வேறு ஊரில் மறுபடி அறுவைக்குப் படுத்தாலும், அந்த எண் இரண்டு அறுவைகளையும் ஒன்றாகக் கட்டிவிடும். எந்த நிறுவனத்தின் மூட்டு, எந்த முறையில் பொருத்தினால் எத்தனை வருஷம் தாங்குகிறது என்பது விற்பனைப் பிரதிநிதியின் வாயிலிருந்து வராமல் பதிவேட்டிலிருந்து வந்தது.

1992ல் கண்புரைக்கும் ஒரு தேசியப் பதிவேடு தொடங்கியது. அதை வளர்த்தெடுத்தவர் மாட்ஸ் லுண்ட்ஸ்ட்ரோம் என்ற கண் மருத்துவர். இங்கேதான் அட்டைக்கு எனக்கு மிகப் பிடித்த ஒரு பக்கம் சேர்ந்தது. அதுவரை 'விளைவு' என்றால் சுவரில் தொங்கும் எழுத்துப் பலகையில் நோயாளி எத்தனை வரி படித்தார் என்பதுதான். ஸ்வீடன்காரர்கள் நோயாளியையே கேட்டார்கள். கேட்குவெஸ்ட் என்ற அந்த வினாத்தாளின் கேள்விகள் இப்படிப் போகும்: செய்தித்தாள் படிக்கச் சிரமமாக இருக்கிறதா? எதிரே வருகிறவரின் முகம் தெரிகிறதா? கடையில் பொருளின் விலைச்சீட்டு தெரிகிறதா? மேடு பள்ளமான தரையில் நடக்க முடிகிறதா? தையல், கைவேலை? தொலைக்காட்சியில் ஓடும் எழுத்து? பிடித்த பொழுதுபோக்கு? அறுவைக்கு முன்னால் ஒருதரம், பின்னால் ஒருதரம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் மதிப்பெண். எழுத்துப் பலகையில் நன்றாகப் படித்துவிட்டு, வாழ்க்கையில் எந்த மாற்றமும் இல்லை என்று சொல்பவர்களும் இந்தத் தாளில் அகப்படுவார்கள். அப்படிப்பட்டவருக்கு அறுவை தேவைதானா, மற்றக் கண்ணையும் சேர்த்துச் செய்திருக்க வேண்டுமா என்று யோசிக்க வைக்கும் தாள் அது.

பிரிட்டனில் அட்டை முழுக்கக் கணினிக்குள் போனது. கண் மருத்துவத்துக்கென்றே எழுதிய மென்பொருளைப் பயன்படுத்திய 12 அரசு மருத்துவமனை அமைப்புகள், 2001 முதல் 2006 வரை செய்த 55,567 கண்புரை அறுவைகளைத் திரட்டி 2009ல் முடிவுகளை வெளியிட்டன. அறுவையின்போது நடக்கக்கூடிய முக்கியமான விபத்து, லென்ஸைத் தாங்கும் மெல்லிய பின்னுறை கிழிவது. கிழிந்தால் அறுவை நீளும், தொற்றுக்கு வாய்ப்பு கூடும், விழித்திரைக்கும் ஆபத்து. அந்த 55,567ல் உறை கிழிந்தது 1.92 சதவீதம்.

அந்த எண்ணைக் காட்டிலும் யாருக்குக் கிழிகிறது என்ற விவரம் பெரிய வரவு. வயது ஏற ஏற ஆபத்து கூடுகிறது. ஆண்களுக்குக் கூடுதல். பாப்பா விரியாத கண், முற்றிக் கறுத்த புரை, கண்நீர் அழுத்த நோய், நீளமான கண், நேராக மல்லாந்து படுக்க முடியாதவர், பயிற்சி மருத்துவரின் கை, எல்லாம் ஆபத்தைக் கூட்டுபவை. பட்டியலில் ஒரு மாத்திரையும் இருந்தது, டாக்ஸசோசின். சிறுநீர் கழிக்கச் சிரமப்படும் வயதான ஆண்களுக்கும், ரத்த அழுத்தத்துக்கும் கொடுப்பது. அதே வகையைச் சேர்ந்த டாம்சுலோசின் சாப்பிடுகிறவர்களின் கருவிழித்திரை அறுவையின்போது துவண்டு, ஓடும் நீரோடு அலைபாய்கிறது என்று 2005ல் அமெரிக்காவின் டேவிட் சாங்கும் ஜான் கேம்பெல்லும் எழுதியிருந்தார்கள். கண்ணுக்கு அறுவை செய்யப் போகிறவர் புராஸ்டேட் மாத்திரை பற்றிக் கேட்க வேண்டும் என்று அதற்கு முன் யாருக்குத் தோன்றியிருக்கும்? நல்ல கண் மென்பொருளில் அந்தக் கேள்விக்கு ஒரு பெட்டி இருக்க வேண்டும்.

காட்மன் காலத்து மருத்துவர்கள் ஏன் அவ்வளவு கொதித்தார்கள் என்பதற்கு நியாயமான பக்கமும் ஒன்று உண்டு. கடினமான நோயாளிகளை ஏற்றுக்கொள்ளும் கைதேர்ந்த மருத்துவருக்கு விபத்து எண்ணிக்கை கூடத்தான் செய்யும். சுலபமான கண்ணாகப் பார்த்துப் பொறுக்குகிறவர் புனிதராகத் தெரிவார். அட்டைகளை வெறுமனே எண்ணினால் அது அநியாயம். 55,567 கண்களைத் திரட்டியதும் அதற்கு மருந்து கிடைத்தது. ஒவ்வொரு நோயாளிக்கும் உள்ள ஆபத்தைக் கணக்கிட்டு, இந்த மருத்துவரிடம் வந்தவர்களுக்கு எத்தனை விபத்து நேர்ந்திருக்கலாம், உண்மையில் எத்தனை நேர்ந்தது என்று ஒப்பிட முடிந்தது. தொண்ணூறு வயதுக்காரரின் கல் போன்ற புரையை எடுக்கத் துணிகிறவர் அதற்காகத் தண்டனை அனுபவிக்கத் தேவையில்லை. பிரிட்டனில் அதற்குப் பிந்தைய தேசியக் கணக்கெடுப்புகளில் உறை கிழியும் விகிதம் 1 சதவீதத்துக்கும் கீழே இறங்கியிருக்கிறது. கருவிகள் மேம்பட்டதும், பயிற்சி மாறியதும் காரணங்களில் சேரும். ஆனால் தன் எண்ணைத் தானே பார்க்கிற மருத்துவர் மாறுகிறார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

இனி மதுரை.

1976ல் அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற டாக்டர் கோ. வெங்கடசாமி, முடக்குவாதத்தால் கோணிப்போன விரல்களோடு, 11 படுக்கைகளை வைத்து அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கியது தமிழ்நாட்டுக்குத் தெரிந்த கதை. கட்டணம் கொடுப்பவர், கொடுக்க இயலாதவர் இரு தரப்பையும் கூட்டம் கூட்டமாகப் பார்த்துத் தேறிய நிறுவனம். கூட்டத்தைப் பார்க்கிற மருத்துவமனை என்றால் தரத்தை விட்டுக்கொடுத்திருக்கும் என்று நம்மில் பலர் நினைப்போம். கூட்டம்தான் இங்கே அட்டைக்குப் பலமாக வந்து சேர்ந்தது.

2012ல் அரவிந்த் மருத்துவர் ஹரிப்பிரியாவும் சக மருத்துவர்களும் மதுரையில் நடந்த 79,777 கண்புரை அறுவைகளின் பதிவுகளை வைத்து ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஒலி அதிர்வால் புரையைக் கரைத்து உறிஞ்சும் ஃபேகோ முறை, சிறு கீறல் போட்டுக் கையால் எடுக்கும் முறை, இரண்டில் எது பாதுகாப்பு? அனுபவசாலிகள் கையில் பெரிய வித்தியாசமில்லை. பயிற்சி பெறுகிறவர்கள் கையில் ஃபேகோவின் சிக்கல் விகிதம் 4.8 சதவீதம், சிறு கீறலில் 1.46. பணக்கார நாடுகள் பழைய முறை என்று ஒதுக்கிய ஒன்று, கற்றுக்கொள்பவரின் கையில் மூன்று மடங்கு பாதுகாப்பாக இருந்தது. அறுவை செய்தவர் பணி மருத்துவரா, பயிற்சி மருத்துவரா, வெளியூரிலிருந்து கற்க வந்தவரா என்று ஒரு பத்தி கேஸ் ஷீட்டில் இருந்ததால்தான் இந்தக் கேள்வியைக் கேட்கவே முடிந்தது.

பெரிய கேள்வி அடுத்து வந்தது. கண்புரை அறுவைக்குப் பிறகு அபூர்வமாகச் சிலருக்குக் கண்ணுக்குள் கிருமி புகுந்துவிடும். எண்டாஃப்தால்மைடிஸ். அறுவை முடிந்த சில நாளில் கண் சிவந்து, வலித்து, பார்வை மங்கும். உடனே கவனிக்காவிட்டால் அந்தக் கண் போய்விடும். கவனித்தாலும் பலருக்குப் பழைய பார்வை திரும்புவதில்லை. பார்வை கிடைக்கும் என்று நம்பி வந்தவருக்கு இருந்ததும் போவதைப் போல ஒரு கொடுமை கண் மருத்துவத்தில் இல்லை.

அறுவை முடியும்போதே கண்ணுக்குள் நுண்ணுயிர்க்கொல்லி மருந்தைச் செலுத்திவிட்டால் இதைத் தடுக்கலாம் என்ற யோசனை ஸ்வீடனில் பலத்தது. செஃபுராக்சிம் என்ற மருந்தை அங்கே பரவலாகக் கொடுத்தார்கள். 2002 முதல் 2004 வரை நடந்த 2,25,471 அறுவைகளைப் பதிவேடு அலசியபோது தொற்று விகிதம் 0.048 சதவீதம்தான். ஐரோப்பிய கண்புரை மருத்துவர் சங்கம் பல நாடுகளில் நடத்திய ஆய்வில், மருந்து செலுத்தாதவர்களுக்குத் தொற்று சுமார் ஐந்து மடங்கு அதிகம் என்று தெரிந்ததும், 2006ல் நோயாளிகளைச் சேர்ப்பதையே நிறுத்திக்கொண்டார்கள்.

இந்தியாவில் பழக்கமானது மாக்சிஃப்ளாக்சசின். அரவிந்தின் துணை அமைப்பான ஆரோலேப் அதைக் கண்ணுக்குள் செலுத்தும் தரத்தில் தயாரித்தது. அளவு 0.1 மில்லிலிட்டர், ஏறக்குறைய இரண்டு சொட்டு. 2011 ஜனவரி முதல் 2016 ஜூன் வரை 10 அரவிந்த் மருத்துவமனைகளில் நடந்த கண்புரை அறுவைகள் மொத்தம் 6,17,453. மருந்து செலுத்தும் வழக்கம் இந்தக் காலத்துக்குள் படிப்படியாக வந்ததால், செலுத்தாதவர்கள் ஒரு பக்கமும் செலுத்தியவர்கள் ஒரு பக்கமுமாகப் பதிவுகள் தாமே இரண்டாகப் பிரிந்து நின்றன. செலுத்தாத 3,02,815 கண்களில் தொற்று 214க்கு. செலுத்திய 3,14,638 கண்களில் 64க்கு. 0.07 சதவீதத்திலிருந்து 0.02க்கு இறங்கியிருந்தது.

இந்த எண்களோடு கொஞ்சம் உட்கார்ந்து பார்க்கலாம். வருஷத்துக்கு ஆயிரம் அறுவை செய்யும் சுறுசுறுப்பான மருத்துவர் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். பழைய விகிதப்படி பத்து வருஷத்தில் அவர் ஏழு தொற்றுகளைப் பார்ப்பார். புதிய விகிதப்படி இரண்டு. நடுவில் மூன்று வருஷம் ஒன்றுமே வராமல் போகலாம், ஒரே மாதத்தில் இரண்டு வந்தும் தொலைக்கலாம். தன் அனுபவத்தை மட்டும் வைத்து, மருந்து பலித்ததா தன் அதிர்ஷ்டமா என்று அவரால் ஒருநாளும் சொல்ல முடியாது. நாற்பது வருஷ அனுபவம் என்று நாம் தலைவணங்கும் விஷயம் இந்த இடத்தில் குருடு. இன்னொரு கணக்கும் போட்டுப் பார்த்தேன். மருந்து செலுத்திய கூட்டத்திலும் பழைய விகிதமே நீடித்திருந்தால் 222 கண்களுக்குத் தொற்று வந்திருக்க வேண்டும். வந்தது 64. மிச்சம் 158 கண்கள். அந்த 158 பேர் யார் என்று யாருக்கும் தெரியாது. அவர்களுக்கே தெரியாது.

இது குலுக்கல் முறையில் ஆட்களைப் பிரித்துச் செய்த ஆய்வு இல்லை, ஆகவே வேறு காரணங்களும் கலந்திருக்கலாம் என்று சொல்வது நியாயம்தான். ஆனால் ஆயிரத்தில் ஒன்றுக்கும் கீழான ஒரு விபத்தைக் குலுக்கல் முறையில் ஆராயப் பல்லாயிரக்கணக்கானவர்களைச் சேர்க்க வேண்டும். அந்தச் செலவைத் தாங்குகிறவர் யார்? மதுரையிலும் மற்ற ஊர்களிலும் ஒரே மாதிரி கேள்வியை, ஒரே மாதிரி சொற்களில், ஒவ்வொரு நோயாளிக்கும் விடாமல் எழுதிவைத்த சிஸ்டர்களும் மருத்துவர்களும்தான் இந்தப் பதிலைச் சாத்தியமாக்கினார்கள். 2017ல் இது வெளியானபோது எழுதியவர்களில் ஒருவர், மாத்திரைக்கும் துவளும் கருவிழித்திரைக்கும் முடிச்சுப் போட்ட அதே டேவிட் சாங்.

இதையெல்லாம் படித்துவிட்டு எந்த மென்பொருளை வாங்கினாலும் இப்படி ஆகிவிடும் என்று யாரும் நினைத்துவிடக்கூடாது. அமெரிக்காவில் 2009ல் ஒரு சட்டம் வந்து, மின்னணுப் பதிவுக்கு மாறும் மருத்துவர்களுக்கு அரசே பணம் கொடுத்தது. பொது மருத்துவமனைக்கென்று எழுதிய மென்பொருட்கள் கண் மருத்துவரின் மேசையிலும் வந்து உட்கார்ந்தன. கண் மருத்துவர் எழுதுவதைவிட வரைகிறவர். விழித்திரை மருத்துவரின் பழைய கேஸ் ஷீட்டைப் பார்த்தால் தெரியும். வட்டத்துக்குள் தமனிகள் சிவப்பு, சிரைகள் நீலம், பிரிந்த விழித்திரை நீலம், கிழிசல் நீல ஓரம் கட்டிய சிவப்பு, கண்ணுக்குள் இருக்கும் விட்ரியஸ் கூழின் கலங்கல் பச்சை. மேசையில் கலர் பென்சில் பெட்டி இல்லாத விழித்திரை மருத்துவர் அந்தக் காலத்தில் இல்லை. அந்த வட்டத்துக்கு இடம் தராமல், இடது கண்ணா வலது கண்ணா என்று கேட்காமல், ரத்த அழுத்தத்தை மட்டும் கட்டாயமாக்கிய மென்பொருளிடம் என்ன விளைவை எதிர்பார்க்க முடியும்? மருத்துவர் முகத்தைத் திரைக்குக் கொடுத்துவிட்டு நோயாளிக்கு முதுகைக் காட்டினார். போன தடவை எழுதியதை அப்படியே இழுத்து ஒட்டும் பழக்கமும் வந்தது. அப்படி ஒட்டினால் பிழையும் சேர்ந்து நகரும்.

சிறப்பு மருத்துவத்துக்கு அதற்கென்றே அமைந்த பதிவு வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். ஹைதராபாத்தின் எல்.வி. பிரசாத் கண் மருத்துவமனை ஐஸ்மார்ட் என்ற மென்பொருளைத் தன் வளாகத்துக்குள்ளேயே உருவாக்கிக்கொண்டது. அமெரிக்க கண் மருத்துவ அகாதமி 2014ல் தொடங்கிய ஐரிஸ் பதிவேடு, மருத்துவர்களின் மென்பொருளிலிருந்து விவரங்களைத் தானே எடுத்துக்கொள்கிறது. மருத்துவர் தனியாக ஒரு படிவத்தை உட்கார்ந்து நிரப்ப வேண்டியதில்லை. சிகிச்சைக்காக ஒருமுறை எழுதியதே கணக்குக்கும் போய்ச் சேர வேண்டும். இரண்டு தடவை எழுதச் சொல்லும் எந்த ஏற்பாடும் ஒரு வருஷம் தாண்டாது.

நம் ஊர்களில் பெரும்பாலான கண்கள் பெரிய நிறுவனங்களிடம் போவதில்லை. தாலுகா தலைநகரில் ஒரு மருத்துவர், ஒரு ரிஃப்ராக்‌ஷன் அறை, வாரத்தில் இரண்டு நாள் அறுவை என்று நடக்கும் மருத்துவமனைகளுக்கு அட்டை இன்னும் போய்ச் சேரவில்லை. அங்கே கேஸ் ஷீட் இருக்கிறது. நோயாளியிடம் ஒரு நோட்டும் பிளாஸ்டிக் பையும் இருக்கின்றன. சட்டமும் ஓரளவு இருக்கிறது. 2002ன் மருத்துவ நெறிமுறை விதிகள்படி, உள்நோயாளியின் பதிவுகளைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும், நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். 2021 முதல் ஆபா என்ற சுகாதார எண்ணும் வந்துவிட்டது. 2023ல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. கடைசி விளைவைக் கேட்கும் அந்த ஒரு கட்டத்தை மட்டும் எந்தச் சட்டமும் போட்டுக் கொடுக்கவில்லை.

சிறு மருத்துவமனை மருத்துவர் இதற்கு ஒரு நேர்மையான பதில் சொல்வார்: அறுவை முடிந்து போகிறவர் திரும்பி வந்தால்தானே எழுதுவதற்கு? நன்றாகத் தெரிகிறது என்றால் நடவு வேலையை விட்டுவிட்டு யார் வருவார்? நன்றாகத் தெரியாதவர் கோபித்துக்கொண்டு வேறு மருத்துவரிடம் போவார். வந்தவர்களை மட்டும் எண்ணினால் கணக்கு கோணலாகும். இந்தச் சிக்கலை ஆராய நேதன் காங்டன் என்ற கண் மருத்துவர் தலைமையில் ஆசியா, ஆப்பிரிக்கா, லத்தீன் அமெரிக்காவின் பத்து நாடுகளில் 40 மருத்துவமனைகளில் ஓர் ஆய்வு நடந்து, 2013ல் வெளியானது. கிடைத்த விடை சிறு மருத்துவமனைகளுக்குப் பெரிய ஆறுதல். நோயாளி மருத்துவமனையை விட்டுப் போகும்போது அளந்த பார்வையும் ஆறு வாரம் கழித்து அளந்த பார்வையும், மருத்துவமனை அளவில் பார்க்கும்போது நெருங்கி ஒத்துப்போகின்றன. அதாவது, எல்லோரையும் திரும்ப வரவழைக்க முடியாத இடத்திலும், கட்டு அவிழ்த்த அன்று அளந்த பார்வையை விடாமல் எழுதிவந்தால், அறுவையின் தரத்தை ஓரளவு நம்பிக் கண்காணிக்கலாம்.

இந்தக் கண்டுபிடிப்பின் மேல் ஃப்ரெட் ஹாலோஸ் அறக்கட்டளையும் கூட்டாளிகளும் பூஸ்ட் என்ற இலவசச் செயலியைக் கட்டினார்கள். கைப்பேசியிலேயே வேலை செய்யும். பெரிய மென்பொருள் வாங்கக் காசில்லாத மருத்துவருக்கு அட்டை இந்த வடிவில் வருகிறது. முதல் கட்டத்தில், வரிசையாக அறுவை செய்துகொண்டவர்களில் யாரையும் தள்ளிவிடாமல், அறுவைக்குப் பின் அளந்த பார்வையை எழுத வேண்டும். இரண்டாம் கட்டத்தில், சில வாரம் கழித்தும் பார்வை மோசமாக இருப்பவர்கள் ஒவ்வொருவருக்கும் காரணம் எழுத வேண்டும். கண்ணில் ஏற்கெனவே வேறு நோயா, அறுவையில் நேர்ந்த சிக்கலா, சரியான கண்ணாடி இல்லாததா. எந்தக் காரணம் முன்னால் நிற்கிறதோ அதற்கேற்ற யோசனையைச் செயலி சொல்கிறது. வேறு நோய்தான் அதிகம் என்றால், அறுவைக்கு முன் விழித்திரையையும் கண்நரம்பையும் இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும். சிக்கல்தான் அதிகம் என்றால் பயிற்சி வேண்டும். கண்ணாடிதான் அதிகம் என்றால், வைக்கிற லென்ஸின் பவர் பொருந்தவில்லை என்று பொருள். கண்ணின் நீளம் அளக்கும் கருவியைச் சரிபார்க்க வேண்டும், அளக்கிறவருக்கு மறுபடி சொல்லித்தர வேண்டும், அலமாரியில் எல்லா பவர் லென்ஸும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மூன்றுமே ஒரு மருத்துவர் உள்ள மருத்துவமனை அடுத்த வாரமே செய்துவிடக்கூடிய வேலைகள்.